பதிவைக் குறைக்கும் வேலை: பெங்களூருத் தமிழர்களுக்கு ஓர் அந்தரங்கக் கையேடு

"நம்ம போனை யாரு ஒட்டுக் கேக்கப் போறாங்க?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒட்டுக் கேட்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், உள்துறைச் செயலாளர் மட்டத்தில் உத்தரவு வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது நடக்கப் போவதில்லை. ஆனால் யாரும் கேட்காமலே எல்லார் பேரிலும் பதிவு சேர்ந்துகொண்டே இருக்கிறது. என்றைக்கு யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம் என்ற நிலையில் அது காத்திருக்கிறது.

தொலைபேசி நிறுவனம் வைத்திருக்கும் அழைப்பு விவரப் பதிவை போலீஸ் வட்டாரத்தில் சிடிஆர் என்பார்கள். அதில் ஒரு வரியில் இவ்வளவும் இருக்கும்: அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தொடங்கிய தேதியும் நேரமும், எத்தனை வினாடி, போனின் ஐஎம்இஐ எண், சிம்மின் ஐஎம்எஸ்ஐ எண், பேச்சு தொடங்கும்போது எந்த செல்போன் கோபுரம், முடியும்போது எந்த கோபுரம். பேசிய பேச்சில் ஒரு சொல்கூட அதில் இல்லை. இருந்தும் பாருங்கள்: வெள்ளிக்கிழமை இரவு 9.40-க்கு மடிவாளா கோபுரம், 10.30-க்கு எலெக்ட்ரானிக் சிட்டி, 11.10-க்கு ஓசூர், விடியற்காலை சேலம். ஊருக்கு பஸ் ஏறியாயிற்று என்று தெரிகிறது. திங்கட்கிழமை காலை ஒரு மகப்பேறு மருத்துவமனைக்கு 3 நிமிடம், வைத்த கையோடு அம்மாவுக்கு 40 நிமிடம். என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கத் தேவையே இல்லை. 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்ட பிறகு, நிறுவனங்கள் இந்தப் பதிவைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இணையப் பயன்பாட்டுப் பதிவான ஐபிடிஆருக்கும் அதே கணக்கு.

சிம் வைத்திருக்கும் வரை சிடிஆரை நம்மால் தடுக்க முடியாது. தடுக்க முடிந்தவை வேறு நிறைய இருக்கின்றன. நாமே வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் பிடிஎஃப், பூட்டில்லாமல் கிடக்கும் பேக்கப், பத்து வருடமாக கூகுள் சேர்த்து வைத்த தேடல்கள். குறைந்த உழைப்பில் எது அதிகம் குறையுமோ அதை முதலில் வைத்து இந்தக் கையேட்டை எழுதியிருக்கிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது

பெங்களூருவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012-இல் தமது 86-ஆம் வயதில் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். உரிமை நமக்கு உண்டு. அதை அன்றாடம் காக்கும் ஏற்பாடுதான் மெலிந்து கிடக்கிறது.

அழைப்பை இடைமறிக்க 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டம் இருந்தது. அந்த அதிகாரம் இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும், 2024 டிசம்பரில் வந்த அதன் விதிகளிலும் இருக்கிறது. மத்தியிலோ மாநிலத்திலோ உள்துறைச் செயலாளர் உத்தரவிடலாம். ஓர் உத்தரவு 60 நாள் செல்லும்; நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. சரிபார்க்கும் குழுவுக்கு மத்தியில் அமைச்சரவைச் செயலாளர் தலைவர், மாநிலத்தில் தலைமைச் செயலாளர். அந்தக் குழுவில் நீதிபதி கிடையாது. கணினித் தகவலுக்குத் தனியாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு இருக்கிறது. அதன்படி மறைகுறியை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிய தகவலை, திறந்து கொடுக்கச் சொல்லலாம், உதவ மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பரில் உளவுத் துறை, சிபிஐ, அமலாக்கத் துறை உட்பட 10 அமைப்புகளுக்கு இந்த அதிகாரம் அறிவிக்கப்பட்டது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்கு தர 17-ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது.

மத்திய அரசு மட்டும் மாதம் 7,500 முதல் 9,000 வரை தொலைபேசி இடைமறிப்பு உத்தரவுகள் போடுவதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பதிலை வைத்து 2014-இல் வெளியானது. மாதம் 9,000 கோப்பை ஒரு செயலாளர் எப்படிப் படித்துப் பார்த்து முடிவெடுப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அதைவிடக் கொடுமை, கண்காணிக்கப்பட்டவருக்கு எல்லாம் முடிந்த பிறகும் தகவல் சொல்லும் கட்டாயம் இல்லை. தெரியாத ஒன்றை எதிர்த்து யாரும் நீதிமன்றம் போக முடியாது. இது மாற வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மாறும் வரை, கேட்டால் கொடுக்கும்படி கிடக்கும் பதிவையாவது குறைத்து வைப்போம்.

முதலில் ஆதார்

பிடிஎம் லேஅவுட்டில் பிஜி சேர்ந்தாலும் வைட்ஃபீல்டில் அட்வான்ஸ் கொடுத்தாலும் முதலில் வரும் பேச்சு, "ஆதார் வாட்ஸ்அப் பண்ணிடுங்க". அந்த பிடிஎஃப் ஓனர் போனில், புரோக்கர் போனில், அவர் மைத்துனர் போனில் என்று வருடக்கணக்கில் கிடக்கும். பாஸ்வேர்ட் போட்ட பிடிஎஃப்தானே என்று நினைக்காதீர்கள். ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்ட், பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. இரண்டும் தெரிந்தவருக்குத்தான் அதை அனுப்புகிறோம்.

மறைத்த ஆதார் எடுக்கும் முறை: ஆதாரின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஓடிபி கொடுத்து உள்ளே போய், டவுன்லோட் ஆதார் பகுதியில் "மாஸ்க்டு ஆதார் வேண்டுமா" என்ற கட்டத்தில் டிக் அடித்து இறக்குங்கள். 12 இலக்கத்தில் கடைசி 4 மட்டும் தெரியும். பிடிஎஃப் திறக்கவில்லை என்றால் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் இனிஷியல்தான் காரணம். பெயர் பி. குமார் என்று பதிவாகியிருந்தால் இனிஷியலும் புள்ளியும் எண்ணிக்கையில் சேரும், இடைவெளி சேராது. அதாவது பி, புள்ளி, கே, யு, அப்புறம் ஆண்டு. ஒன்றை மறக்க வேண்டாம்: மறைவது எண் மட்டும்தான். கியூஆர் கட்டத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி, படம் எல்லாம் இருக்கும். ஆகவே பிரின்ட் எடுத்து, முகத்தையும் எழுத்தையும் மறைக்காமல் குறுக்கே பேனாவால் "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் காகிதமாகக் கொடுங்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே ஜெராக்ஸ் கொடுக்க வேண்டாம், மறைத்த ஆதார் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அறிவுரை என்னவோ சரியானதுதான்.

அடுத்தது கைரேகைப் பூட்டு. அதே தளத்தில் பயோமெட்ரிக் லாக் பகுதியில் பூட்டினால் கைரேகை, கருவிழி, முகம் எதை வைத்தும் உங்கள் பேரில் சரிபார்ப்பு நடக்காது. பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து கைரேகையை நகலெடுத்து வங்கிப் பணம் எடுத்த வழக்குகள் 2023-இல் பெங்களூருவிலேயே வெளிவந்தன. எனவே இது கண்காணிப்புக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை. இடிக்கும் இடம் ஒன்று உண்டு. ஊருக்குப் போய் ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் ஏற்காது. புது சிம் வாங்கும்போதும் அப்படித்தான். தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானே பூட்டிக்கொள்ளும். ஆகவே வரிசையில் உங்கள் முறை வரும்போது திறங்கள், வீட்டிலிருந்து கிளம்பும்போது திறந்து பயனில்லை. அங்கேயே சரிபார்ப்பு வரலாறும் இருக்கிறது. கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே, ஓடிபியா விரலா என்ற விவரத்தோடு வரும். மாதம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது இல்லாத எண் இருந்தால் அங்கேயே குறித்து அனுப்பலாம்.

பேக்கப்: பூட்டிய வீட்டின் திறந்த கொல்லை

வாட்ஸ்அப் செய்தி 2016 முதல், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும்படி முனைக்கு முனை மறைகுறியாகத்தான் போகிறது. ஆனால் நாமாகப் போட்டால் ஒழிய, பேக்கப்புக்கு அந்தப் பூட்டு வராது. பூட்டாத பேக்கப் கூகுள் கணக்கிலோ ஐகிளவுடிலோ கிடந்தால், செய்தியை உடைக்கவே வேண்டாம். கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஓர் உத்தரவு போதும்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், அதில் சாட் பேக்கப், அதில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப் என்று போய் இயக்குங்கள். பாஸ்வேர்ட் வைக்கலாம், அல்லது 64 இலக்கச் சாவி எடுக்கலாம். சாவியைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அந்தப் படம் கூகுள் போட்டோஸுக்கு ஏறிவிடும், செய்த வேலை வீண். பாஸ்வேர்ட் மறந்தாலும் போன் கையில் இருக்கும் வரை மாற்றிக்கொள்ளலாம். போனும் போய் பாஸ்வேர்டும் மறந்தால் பேக்கப்பை யாராலும் மீட்க முடியாது, வாட்ஸ்அப்பாலும் முடியாது. அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு இயக்குங்கள்.

ஐபோனில் இன்னொரு பொறி இருக்கிறது. முழுப் போனுக்கும் ஐகிளவுட் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால், வாட்ஸ்அப் பேக்கப்பைப் பூட்டிய பிறகும் பூட்டில்லாத நகல் ஒன்று அதோடு சேர்ந்து போகும். இதை வாட்ஸ்அப்பின் உதவிப் பக்கமே சொல்கிறது. தீர்வு இரண்டு: ஐகிளவுட் பேக்கப்பை நிறுத்துங்கள், அல்லது உங்கள் பெயர், ஐகிளவுட், அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன் என்று போய் அதை இயக்குங்கள். இரண்டாவதே நல்லது. 28 எழுத்து மீட்புச் சாவியையும், நம்பிக்கையான ஒருவரை மீட்புத் தொடர்பாகவும் முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதே கணக்கில் பழைய ஐபேட் ஒன்று பெட்டியில் தூங்கினால் இந்த வசதியை இயக்க விடாது. அதை அப்டேட் செய்யுங்கள், அல்லது கணக்கிலிருந்து நீக்குங்கள்.

நீங்கள் எல்லாம் செய்தாலும் எதிரே பேசுபவரின் பேக்கப் திறந்து கிடக்கலாம். அதற்கு மருந்து, தானாக மறையும் செய்தி. பிரைவசி பகுதியில் டீஃபால்ட் மெசேஜ் டைமரை 90 நாளுக்கு வைத்தால் இனித் தொடங்கும் உரையாடல்கள் அனைத்துக்கும் அது பொருந்தும். வீட்டு ஆட்களோடு பழைய உரையாடல்களில் மட்டும் விட்டுவிடுங்கள், படங்கள் போய்விட்டதே என்று சண்டை வரும்.

கூகுள் கணக்கில் டேட்டா அண்ட் பிரைவசி பகுதிக்குப் போய் வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டியைப் பாருங்கள். இடத் தகவலை கூகுள் மேப்ஸின் டைம்லைனில் நிறுத்திவிட்டோம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். தேடலோடு ஒட்டிய இடம் இங்கேயும் பதிவாகும். நிறுத்துங்கள், இல்லை என்றால் தானாக அழிப்பதை 3 மாதத்துக்கு வையுங்கள். நிறுத்துவது இனி வருவதைத்தான் தடுக்கும். பழையதைத் தனியாக அழிக்க வேண்டும்.

பூட்டும் சாவியும்

6 இலக்க பின் என்றால் 10 லட்சம் வாய்ப்பு. போனில் இருக்கும் பாதுகாப்பு சிப் ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் காக்க வைப்பதால்தான் அது தாங்குகிறது. சிப்பின் ஓட்டையைப் பயன்படுத்தும் தடயவியல் கருவிகளுக்கு முன் அந்த 10 லட்சம் ரொம்பச் சின்ன எண். எழுத்து பாஸ்வேர்டுக்கு மாறுங்கள்.

நல்ல பாஸ்வேர்டை நம் தலையிலிருந்து எடுக்க முடியாது, பகடையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பகடைக்கு உரிய சொற்பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் நாமே செய்துகொள்ளலாம். நான்கு பகடையை உருட்டினால் 1111 முதல் 6666 வரை 1,296 எண்கள் வரும். அத்தனை சொற்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: முருங்கை, திண்ணை, கொலுசு, அம்மி, வரப்பு மாதிரி எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் எப்படி அடிப்பீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். ழகரத்துக்கு இரண்டெழுத்தா ஓரெழுத்தா என்று இன்றைக்கு முடிவு செய்தால் என்றைக்கும் அதுதான். கல்-கால், பல்-பால் போலக் குறில் நெடிலில் மட்டும் மாறும் இணைகளில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவசரத்தில் தடுமாறுவீர்கள். பிறகு உருட்டி, வந்த சொல்லை வந்தபடி எடுங்கள். பிடிக்கவில்லை என்று திரும்ப உருட்டினால் பகடையின் பலனே போச்சு. போனுக்கு 3 சொல் போதும், ஏறக்குறைய 218 கோடி வாய்ப்பு, மேலே சிப்பின் காவலும் உண்டு. லேப்டாப் வட்டைக் கழற்றி வேறு கணினியில் வைத்து வேகமாக முயல முடியும் என்பதால் அதற்கு 7 சொல்.

குறளோ சினிமாப் பாட்டு வரியோ வேண்டவே வேண்டாம். 1,330 குறளையும் எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் முயன்று பார்ப்பது கணினிக்குக் கண் இமைக்கும் நேரத்து வேலை. தமிழ் எழுத்தாகவே வைத்தால் என்ன என்று தோன்றும். லினக்ஸில் வட்டைத் திறக்கும் அந்த முதல் திரையில் பெரும்பாலும் தமிழ் விசைப்பலகை வராது, உங்கள் கணினிக்கு வெளியே நீங்களே நிற்பீர்கள். விண்டோஸில் வேறு சிக்கல். மைக்ரோசாப்ட் கணக்கோடு நிறுவியிருந்தால் வட்டின் மீட்புச் சாவி அந்தக் கணக்கிலேயே ஏறியிருக்கும். அங்கே இருப்பதைக் கேட்டு வாங்க முடியும். விண்டோஸ் ப்ரோ இருந்தால், வட்டைப் பூட்டும் வசதியான பிட்லாக்கரை அணைத்து, வட்டு முழுதும் திறந்து முடியும் வரை காத்திருந்து, மறுபடி இயக்கி, சாவியை பிரின்ட் எடுக்கும் தேர்வைப் போடுங்கள். பழைய சாவியைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

விசைப்பலகை

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக வரும் ஆபத்து இது, பலர் கவனிப்பதில்லை. செய்தி மறைகுறியாவதற்கு முன்னால் ஒவ்வோர் எழுத்தையும் விசைப்பலகைச் செயலி பார்க்கிறது. தங்கிலீஷில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் இலவசக் கீபோர்டுகள் பல, சொல் பரிந்துரைக்காக இணையத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சிக்னல் என்ற பாதுகாப்பான செய்திச் செயலியை நிறுவி, கீபோர்டை அப்படியே விட்டால் வாசலைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

ஐபோனில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் போனோடே வருகின்றன. அவற்றைச் சேர்த்துக்கொண்டு வெளிக் கீபோர்டை நீக்குங்கள். நீக்க மனமில்லை என்றால் அந்தக் கீபோர்டின் அமைப்பில் அலவ் ஃபுல் ஆக்சஸை அணையுங்கள், அணைத்தால் அதனால் இணையத்துக்கு எதையும் அனுப்ப முடியாது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் அனுமதிப் பட்டியலைத் திறந்து, முழு நெட்வொர்க் அணுகல் இருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்களின் போன்களில் ஒவ்வொரு செயலிக்கும் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் தனித்தனியே மறுக்கும் வசதி உண்டு. கீபோர்டுக்கு இரண்டையும் மறுங்கள். எழுத்து வரத் தவறாது, புதுச் சொல் பரிந்துரை மட்டும் மந்தமாகும்.

இணையம், விபிஎன், ஆபீஸ் லேப்டாப்

விபிஎன் போட்டால் அரசுக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் அதிகம். விபிஎன், உங்கள் இணைய நிறுவனம் பார்த்ததை இன்னொரு நிறுவனம் பார்க்கும்படி மாற்றுகிறது, அவ்வளவுதான். 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, விபிஎன் நிறுவனம் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி, பெற்ற ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) எல்லாவற்றையும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதனால் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. இலவச விபிஎன் எதையும் தொடாதீர்கள். சிறு வேலைக்கு, இணைப்பைப் பல சர்வர்கள் வழியாகச் சுற்றி அனுப்பும் டோர் பிரவுசர் போதும், மெதுவாக இருக்கும்.

ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் பகுதியில் குவாட்9 போன்ற சேவையின் பெயரைக் கொடுத்தால், நீங்கள் எந்தத் தளத்தின் முகவரியைக் கேட்கிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால் இணைப்பைத் தொடங்கும் முதல் தரவுப் பொட்டலத்தில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது. பாதி மறைப்புதான் என்று தெரிந்தே செய்யுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த வேலை வேண்டாம். பிரவுசரில் பூட்டு அடையாளத்தைத் தட்டி, சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். பொதுச் சான்றிதழ் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் கம்பெனியின் பெயரோ பாதுகாப்பு மென்பொருளின் பெயரோ இருந்தால், இணைப்பை நடுவில் திறந்து பார்த்து மூடி அனுப்புகிறார்கள் என்று பொருள். அந்தப் பதிவும் ஒரு நாள் கேட்டு வாங்கக் கூடியதுதான்.

அழைப்பும் குழுவும்

வாட்ஸ்அப் அழைப்பின் பேச்சு மறைகுறிதான். ஆனால் இருவர் பேசும்போது இரண்டு போனும் நேராக ஒன்றோடொன்று இணைவதுண்டு. அப்போது எதிராளியின் ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் நேரமும் உங்கள் ஐபிடிஆரில் விழும். இரண்டு பக்கப் பதிவையும் சேர்த்துப் பார்த்தால் யார் யாரோடு எப்போது பேசினார் என்று கண்டுபிடிக்கலாம், விசாரணையில் இது பழக்கமான முறை. வாட்ஸ்அப்பில் பிரைவசி, அட்வான்ஸ்டு என்று போய் ப்ரொடெக்ட் ஐபி அட்ரஸ் இன் கால்ஸை இயக்குங்கள். சிக்னலில் ஆல்வேஸ் ரிலே கால்ஸ். அழைப்பு அவர்களின் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும், குரல் சற்றுத் தாமதமாகலாம்.

எது யாரிடம் என்ன வைத்திருக்கிறது என்பதில்தான் செயலிகளுக்குள் பெரிய வேறுபாடு. சிக்னலிடம் நீதிமன்ற ஆணை போனபோதெல்லாம் அவர்களால் கொடுக்க முடிந்தது கணக்கு தொடங்கிய தேதியும் கடைசியாக இணைந்த தேதியும்தான், கொடுக்கக் கூடியபடி வேறு எதையும் வைத்துக்கொள்வதில்லை. வாட்ஸ்அப்பிடம் செய்தி இல்லாவிட்டாலும் யார், யாரோடு, எந்தக் குழு என்ற விவரம் உண்டு. டெலிகிராம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலும் இங்கேயும் பரவலாக இருக்கிறது, அது தவறு. சாதாரண உரையாடலும் எல்லாக் குழுக்களும் அவர்கள் சர்வரில் அவர்களால் திறக்கக் கூடியபடி இருக்கின்றன. உரையாடல்களில் சீக்ரெட் சாட் மட்டும்தான் முனைக்கு முனை. 2024 செப்டம்பரிலிருந்து முறையான சட்டக் கோரிக்கை வந்தால் ஐபி முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தருவோம் என்று அவர்களே கொள்கையில் எழுதியிருக்கிறார்கள்.

சிக்னலில் யூசர்நேம் வைத்து, போன் எண்ணை நோபடிக்கு மாற்றுங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் லாக்கைக் கட்டாயம் இயக்குங்கள். எஸ்எம்எஸ் ஓடிபி தொலைபேசி நிறுவனத்தின் கை வழியாகத்தான் வருகிறது, இந்தப் பூட்டு இல்லாவிட்டால் அந்த ஓடிபியைப் பிடிப்பவர் உங்கள் எண்ணில் உட்காரலாம். இதே காரணத்துக்காக மின்னஞ்சலுக்கும் எஸ்எம்எஸ்ஸை விட்டு, போனின் பூட்டையே சாவியாகப் பயன்படுத்தும் பாஸ்கீக்கோ ஆத்தென்டிகேட்டர் செயலிக்கோ மாறுங்கள். காவிரிப் பிரச்சினை கிளம்பும் நாட்களில் நம் குழுக்களில் வீடியோக்கள் பறக்கும். காவிரிக் கலவரம் நடந்த 2016 செப்டம்பரில் இந்த ஊர் எப்படி இருந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். 200 பேர் உள்ள குழுவில் ஒருவர் போன் திறந்தால் 200 எண்களும் திறந்ததுதான். முக்கியமான பேச்சுக்குத் தனிச் சிறு குழு போடுங்கள்.

ஊருக்குள்

பாதுகாப்பு நகரத் திட்டத்தில் பெங்களூரு முழுக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கேமரா இருக்கின்றன. அதில் தனிமனிதர் செய்யக் கூடியது சொற்பம், அதை அரசியலாகத்தான் பேச வேண்டும். மறுக்கக் கூடியதை மறுக்கலாம். கெம்பேகௌடா விமான நிலையத்தில், முகத்தைக் காட்டி நுழையும் டிஜியாத்ரா கட்டாயம் இல்லை, அடையாள அட்டையைக் காட்டும் வரிசை எப்போதும் உண்டு. அப்பார்ட்மென்ட் கேட்டில் முகத்தைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றுகிறார்கள் என்றால், பொதுக்குழுவில் கேட்க வேண்டியவை இரண்டு: எத்தனை நாள் வைப்பீர்கள், யார் அழிப்பார்? 30 நாள் என்று தீர்மானத்தில் எழுத வையுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு மறுக்கும் வசதியே இல்லை. அவர்கள் சார்பில் அங்கே குடியிருப்பவர்கள்தான் பேச வேண்டும்.

போனைக் கேட்டால்

கைரேகை எடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லியிருக்கிறது. தலைக்குள் இருக்கும் பாஸ்வேர்டைச் சொல்ல வைக்கலாமா என்பதில் நீதிமன்றங்களின் பார்வை ஒன்றாக இல்லை. ஆகவே போராட்டம், விமான நிலையம், காவல் நிலையம் எதற்குப் போனாலும் முன்கூட்டியே போனை முழுதாக அணைத்துவிடுங்கள். அணைத்து இயக்கிய போன், பாஸ்வேர்டை ஒரு முறை போடும் வரை விரலையோ முகத்தையோ ஏற்காது, தரவின் சாவிகளை நினைவகத்தில் ஏற்றாது. தடயவியல் கருவிக்கு அந்த நிலை மிகக் கடினம், ஒரு முறை திறந்து பூட்டிய போன் அதைவிட எளிது. அணைக்க நேரம் இல்லாவிட்டால்: ஐபோனில் பக்கப் பொத்தானையும் வால்யூம் பொத்தானையும் சேர்த்து, அணைக்கும் திரை வரும் வரை பிடியுங்கள், முகம் வேலை செய்யாது. ஆண்ட்ராய்டில் பவர் மெனுவில் லாக்டவுன்.

பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்) 105-ஆம் பிரிவுப்படி சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். பறிமுதல் பட்டியலில் போனின் மாடல், ஐஎம்இஐ, சிம் எண் எழுதப்பட்டதா என்று பார்த்து, நகல் கேளுங்கள். நகலெடுத்த தரவின் ஹாஷ் மதிப்பையும், அதாவது தரவில் எது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணையும் கேளுங்கள். பின்னால் ஏதாவது சேர்க்கப்பட்டதா என்று காட்ட அந்த எண்தான் ஆதாரம். புதிய சாட்சியச் சட்டத்தின் மின்னணுச் சான்றிதழ்ப் படிவத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞருக்குப் போன் செய்யுங்கள். அவர் எண்ணைக் காகிதத்தில் பர்ஸில் வைத்திருங்கள், போன்தான் கையில் இருக்காதே. கேட்ட பிறகு எதையும் அழிக்கக் கூடாது. வழக்கம்போல் 90 நாளில் மறையும் செய்தி வேறு, நோட்டீஸ் வந்த பிறகு கையால் அழிப்பது வேறு. பின்னது தனிக் குற்றமாகும்.

போன் திரும்பி வந்தால் அதை வீட்டு வைஃபையில் இணைக்காதீர்கள். வேறு கருவியிலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை முதலில் மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, வாட்ஸ்அப், சிக்னலின் லிங்க்டு டிவைசஸ் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அந்தப் போனை ஃபேக்டரி ரீசெட் செய்யாமல், அணைத்து, ஓர் உறையில் போட்டு, வந்த தேதியை மேலே எழுதி வழக்கறிஞரிடம் கொடுங்கள். சிம்மைப் புது போனுக்கு மாற்றும்போது பழைய பேக்கப்பிலிருந்து செயலிகளை மீட்க வேண்டாம். ஒவ்வொன்றாகப் புதிதாக நிறுவுங்கள், கீபோர்டு உட்பட.